சுட்ட மஞ்சளும் ஜிங்க் தொட்டியும்

19 மார்ச் 2003, புதன்

இன்று ஒரு கட்டுச் சட்டையை முழுசாகத் திருப்பி அனுப்பிவிட்டேன். காலர் கோணல். "லேசாத்தாம்மா கோணிக்கினு கீது, இஸ்திரி போட்டா தெரியாது" என்றார் தையல் மேஸ்திரி. இஸ்திரி போட்டு மறைக்கிற தப்பைக் கண்டுபிடிக்கத்தானே எனக்குச் சம்பளம்? வண்ணாரப்பேட்டையில் இந்த ரெடிமேட் கம்பெனிக்கு செக்கிங் வேலைக்கு வந்த நாளிலிருந்து எனக்கு ராங்கிக்காரி என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும்.

எர்ணாவூர் வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் தண்ணி லாரிச் சண்டை. அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒருத்தியோடு மல்லுக்கு நிற்கிறார். அண்ணி என்றால் என் வீட்டுக்காரருடைய அக்கா, பூவம்மா. புருஷன் போனபிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கி, எனக்குக் கட்டிக்கொடுத்து, இப்போது எங்களோடு இருக்கிறார். நான் வேலைக்குப் போனால் ஷாலு அவர் இடுப்பில்தான். நானும் போய் அவர் பக்கம் நின்று கத்தினேன். ஜெயித்தோம். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகிற ஒரே இடம் தண்ணி லாரிதான்.

ஷாலுவுக்கு மூக்கு ஒழுகுகிறது. மூன்று வயது முடிந்துவிட்டது, ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்க வேண்டும். நல்ல பள்ளிக்கூடமாகப் பார்க்க வேண்டும்.

23 மார்ச், ஞாயிறு

எழுத்து கோணலாகப் போகிறது. போகட்டும்.

மத்தியானத்திலிருந்தே காய்ச்சல். மாத்திரையை உடைத்துக் கொடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். இன்று கிரிக்கெட் ஃபைனல். எங்கள் வீட்டு டிவி முன்னால் பாதித் தெரு. சாயங்காலம் எல்லாரும் தலையில் கை வைத்துக்கொண்டிருந்த நேரம், ஷாலுவின் உடம்பு என் மடியில் விறைத்தது. கண் மேலே செருகிவிட்டது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கிறது, வாயில் நுரை. ஐயோ, நான் பெத்தது, என் தங்கம்—

நான் கத்தினேனா? தெரியவில்லை. அண்ணி சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார். ஒருத்தர் கரண்டியை வாயில் விடு என்றார். ஒருத்தர் செருப்பை எடுத்து வந்து மூக்கில் காட்டினார். புள்ள நீலமாயிக்கினு இருக்கு, இவங்க செருப்பு தேடுறாங்க!

எதிர்வீட்டு ரஷீதுதான் ஆட்டோவைக் கிளப்பினான். "மேட்ச் கெடக்குது, ஏறுக்கா." டோல்கேட் தாண்டும்போது இழுப்பு நின்றது. அப்படியே துவண்டுவிட்டாள். செத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். எழுதக்கூடாத வார்த்தை. நினைத்தது நினைத்ததுதான், எழுதினால் என்ன?

தூங்கியிருக்கிறாள். அவ்வளவுதான். "காய்ச்சல் வலிப்பு. சின்னப் பிள்ளைங்களுக்கு வரும். பெரும்பாலும் அஞ்சாறு வயசுக்குள்ள தானா நின்னுடும், மூளைக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டாக்டர். பெயர் ஹுமாயூன். அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பச் சொல்லச் சொல்லி மூன்று தடவை கேட்டேன். சலிக்காமல் சொன்னார்.

நர்ஸ் அப்படி இல்லை. "காய்ச்சல்னா உடனே கொண்டாரத் தெரியாதா? இவ்ளோ நேரம் என்ன பண்ணிட்டிருந்தே?" என்றாள். "மேட்ச் பாத்துகினு இருந்தோம்" என்றேன். முறைத்தாள். நானும் முறைத்தேன்.

24 மார்ச், திங்கள்

வார்டிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். ஷாலு பக்கத்துக் கட்டில் பிள்ளையின் பிஸ்கட்டைப் பிடுங்கித் தின்கிறாள். அவ்வளவு தெம்பு.

காலையில் ஹுமாயூன் டாக்டர் வந்து ரத்தம் கேட்டார். மேல்படிப்பு படிக்கிறாராம், அதற்கு ஒரு ஆராய்ச்சி. காய்ச்சலில் வலிப்பு வந்த பிள்ளைகளுக்கு ரத்தத்தில் ஜிங்க் எவ்வளவு இருக்கிறது, காய்ச்சல் வந்தும் வலிப்பு வராத பிள்ளைகளுக்கு எவ்வளவு இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறாராம்.

"ஜிங்க்கா? நாங்க இரும்ப முக்கி எடுக்கிறமே, அந்த ஜிங்க்கா சார்?" என்றார் என் வீட்டுக்காரர். எர்ணாவூரில் ஒரு கால்வனைசிங் பட்டறையில் இவருக்கு வேலை. உருக்கிய ஜிங்க் தொட்டியில் இரும்புச் சாமானை இறக்கி ஏற்றுவது.

"அதேதான். உடம்புக்கும் ஒரு துளி வேணும்."

"எஞ் சொக்காய தொவச்ச தண்ணியிலயே கீது சார் ஒரு கிலோ" என்று சிரித்தார். நேற்றிலிருந்து இவர் சிரித்தது அப்போதுதான்.

அண்ணி சிரிக்கவில்லை. "ரத்தத்த எடுத்து வித்துடுவானுங்க. நம்ம ஜனங்க புள்ளன்னா இவனுங்களுக்கு எலிக்குட்டி மாதிரி" என்றார், டாக்டர் காதுபடவே. அதை முழுப் பொய் என்று தள்ளவும் எனக்கு மனசு வரவில்லை. எங்களைக் கேட்காமலே எங்களிடமிருந்து எத்தனையோ எடுத்திருக்கிறார்கள். ஆனால் இந்த டாக்டர் கேட்கிறாரே.

நானும் கேட்டேன். "இதுல எம் பொண்ணுக்கு இன்னா லாபம் சார்?"

"உண்மையைச் சொல்லணும்னா, இப்போதைக்கு ஒண்ணும் இல்லம்மா. பின்னாடி வர்ற பிள்ளைங்களுக்கு உதவலாம். உதவாமலும் போகலாம்."

வேறு எதையாவது சொல்லியிருந்தால் முடியாது என்றிருப்பேன். கையெழுத்தை நானே போட்டேன். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

27 மார்ச், வியாழன்

வீடு வந்தாயிற்று. டாக்டர் சொன்னதை எல்லாருக்கும் பாடம் எடுத்தேன். காய்ச்சல் வந்தால் மருந்து, வெதுவெதுப்பான தண்ணியில் துணி நனைத்துத் துடைப்பது. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். வாயில் எதுவும் வைக்கக் கூடாது, கையைக் காலை அழுத்திப் பிடிக்கக் கூடாது. அஞ்சு நிமிஷத்துக்கு மேல் போனால் ஆஸ்பத்திரி. எப்படியும் அப்புறம் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

"ஒருக்களிச்சிப் படுக்க வெக்கறதுக்கா ஒரு டாக்டரு?" என்றார் அண்ணி. அப்புறம் மெதுவாக ஆரம்பித்தார். கல்மண்டபத்தில் சுப்புராயன் என்று ஒருவர். மஞ்சள் கொம்பை விளக்கில் சுட்டு, நெற்றியில் ஒன்று, தொப்புளுக்கு மேல் ஒன்று என்று சூடு வைப்பாராம். "ஒரே ஒரு கத்து கத்துவா, அப்பால ஜென்மத்துக்கும் வலிப்பு வராது. எந்த ஊர்லருந்தெல்லாம் வராங்க தெரியுமா எயிலு?"

"எம் புள்ள மேல சுட்ட மஞ்சள் பட்டுச்சின்னா, அந்தாளு கைய ஒடிப்பேன்" என்றேன்.

அண்ணி சொன்னார்: "எம் புள்ளைக்கும் இப்புடித்தான் வந்துச்சி. காலத்துல செஞ்சிருந்தா இன்னிக்கி உன் உயரம் நின்னிருப்பான்." சொல்லிவிட்டு எழுந்து பின்பக்கம் போய்விட்டார்.

அவர் பையன் சின்ன வயதிலேயே போய்விட்டான் என்பது மட்டும் எனக்குத் தெரியும். பாவமாகத்தான் இருக்கிறது. அழுகைகூட வந்தது. ஆனால் பாவத்துக்காக என் பெண்ணின் நெற்றியைத் தர மாட்டேன்.

சுவரில் புத்தர் படத்துக்கும் அம்பேத்கர் படத்துக்கும் நடுவில் அண்ணி வேப்பிலை செருகியிருக்கிறார். எடுக்கப் போனேன், எடுக்கவில்லை. வேப்பிலை சுடாது.

2 ஏப்ரல், புதன்

அண்ணி என்னோடு பேசுவதில்லை. ஷாலுவிடம் சொல்லி என்னிடம் சொல்கிறார். "உங்கம்மாவ துன்னச் சொல்லு." தின்றேன்.

10 ஏப்ரல், வியாழன்

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ஷாலுவுக்கு ஜிங்க் குறைவு.

"அப்போ அதனாலதான் வலிப்பா?" என்றேன் ஹுமாயூன் டாக்டரிடம்.

"அப்படிச் சொல்ல முடியாது. காய்ச்சல் வந்தாலே ரத்தத்துல ஜிங்க் கொஞ்சம் இறங்கும். வலிப்பு வராத பிள்ளைங்களுக்கும் இறங்கியிருக்கு. வலிப்பு வந்த பிள்ளைங்களுக்கு இன்னும் கூட இறங்கியிருக்கிற மாதிரி தெரியுது. குறைஞ்சதால வலிப்பு வந்துச்சா, இல்ல காய்ச்சலோட சேர்ந்து ரெண்டும் வருதான்னு இன்னும் தெரியல. அதுக்குத்தான் படிக்கிறோம்."

"மருந்து?"

"வலிப்பைத் தடுக்கும்னு சொல்லி ஜிங்க் மருந்து தர என்கிட்ட ஆதாரம் இல்ல. முட்டை, கறி, வேர்க்கடலை, பயறு குடுங்க. அதுபோதும்."

தெரியாது என்று சொல்கிற டாக்டரை முதல் தடவையாகப் பார்க்கிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. என் வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. எர்ணாவூர் வந்ததும் சொன்னார்: "நாளு பூரா ஜிங்க்குலயே பொழைக்கிறேன். எங் கொயந்தைக்கு அது கொறச்சலாம். இன்னா நியாயம் இது?"

நியாயமா? இந்த ஊரில் எது நியாயமாக நடந்திருக்கிறது?

16 ஏப்ரல், புதன்

பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

கேட் வைத்த, டை கட்டிய நர்சரி. ஷாலு ரைம்ஸ் எல்லாம் சொன்னாள். ஹெட்மிஸ் கன்னத்தைக் கிள்ளினாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. நான்தான் சொன்னேன்: காய்ச்சல் வந்தா இவளுக்கு ஃபிட்ஸ் வரலாம் மிஸ், வந்தா ஒருக்களிச்சிப் படுக்க வெச்சிட்டு எங்களுக்கு போன் பண்ணுங்க. அவ்வளவுதான், கன்னத்தைக் கிள்ளிய கையை அந்த அம்மா கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள். என் கண்ணால் பார்த்தேன். "மத்த பேரண்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்கம்மா. இனிமே வராதுன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா, பாக்கலாம்."

"உங்க ஸ்கூல்ல படிக்கிற புள்ளைங்களுக்கு இனிமே காய்ச்சலே வராதுன்னு நீங்க எழுதிக் குடுங்க, நானும் வாங்கியாறேன்" என்றேன். வாட்ச்மேனைக் கூப்பிட்டாள். கூப்பிடு, எனக்கென்ன!

இவர் கேட்கிறார்: "ஏன் சொன்னே? சொல்லாங்காட்டி தெரியவா போவுது?" ஏன் மறைக்கணும்? எம் பொண்ணு இன்னா திருடினாளா? நெற்றியில் சூடு போடுவதும் ஒன்றுதான், பேரில் சூடு போடுவதும் ஒன்றுதான். இரண்டையும் விடமாட்டேன்.

20 ஏப்ரல், ஞாயிறு

நிதானமாக எழுத வேண்டும். முடியுமா பார்க்கிறேன்.

சாயங்காலம் கடைக்குப் போய்விட்டு வந்தால் ஷாலு வாந்தி எடுக்கிறாள். நிற்காமல் எடுக்கிறாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருள்கிறாள். "இன்னா குடுத்தீங்க?" என்றால் இவர் கண் அடுப்புப் பக்கம் போகிறது. அடுப்பு மேடையில் ஒரு சொம்பு, புதுசாகப் பளபளவென்று. அதில் மிச்சம் கொஞ்சம் எலுமிச்சை ஜூஸ். ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். நாக்கைப் பிடித்துக்கொண்டது. பேட்டரியை நக்கிய மாதிரி ஒரு ருசி.

இரும்புச் சொம்பு ஒன்றை வாங்கிப் பட்டறைக்குக் கொண்டுபோய் ஜிங்க் தொட்டியில் முக்கி எடுத்து வந்திருக்கிறார். செம்புக் குடத்தில் தண்ணி வைத்தால் செம்புச் சத்து இறங்குவதில்லையா, அதுபோலவாம். அதிலும் வெறும் தண்ணி இல்லை. "ஆசிட்டு பட்டா ஜிங்க் கரையும், அது எனக்குத் தெரியாதா? எலுமிச்சங்காயும் ஆசிட்டு மாதிரித்தானே? காத்தாலயே புழிஞ்சு ஊற வெச்சேன். நல்லா எறங்கட்டும்னு."

தொழில் தெரிந்த கை. தெரிந்ததாலேயே இப்படிச் செய்திருக்கிறது. ஜிங்க் எப்படிக் கரையும் என்று தெரிந்த மனுஷனுக்கு, கரைந்தது பிள்ளை வயிற்றில் என்ன செய்யும் என்று தெரியவில்லை.

மறுபடி ரஷீது ஆட்டோ. ஹுமாயூன் டாக்டருக்கு இன்று முதல் தடவையாகக் கோபம் வந்தது. "ஒரு துளின்னுதானே சொன்னேன்? அளவுக்கு மேல போனா அது விஷம் சார்!" குளுக்கோஸ் ஏற்றினார்கள். ராத்திரிக்குள் ஷாலு தெளிந்து, இட்லி கேட்டாள்.

இந்த ஆளை என்ன செய்வது? திட்டித் தீர்த்தேன். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுகிறார். அதைப் பார்த்தால் இன்னும் கோபம் வருகிறது. கோபமா அது? தெரியவில்லை. பிள்ளைக்காக இரவும் பகலும் யோசித்து, அந்த யோசனையைத் தொட்டியில் முக்கிக் கொண்டுவந்திருக்கிறார் மனுஷன்.

22 ஏப்ரல், செவ்வாய்

நான் பயந்ததுதான் நடந்தது. அக்காவும் தம்பியும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள்.

"உன் டாக்டரு பேச்சக் கேட்டுத்தானே எம் புள்ளைக்கு நானே வெசம் குடுத்தேன்" என்கிறார் இவர்.

"டாக்டர் முட்டையக் குடுன்னாரு. தொட்டியக் குடுன்னு சொன்னாரா?"

"நீ சொன்னது ஆச்சி. யக்கா சொல்றதையும் ஒரு தபா செஞ்சி பாத்தா இன்னா? ஒரு பொட்டு அளவுக்குத்தானாம்."

"உன் நெத்தியில வெச்சிக்கோ அந்தப் பொட்ட."

ஒத்தையாக நிற்கிறேன். நிற்கத் தெரியும் எனக்கு.

25 ஏப்ரல், வெள்ளி

மத்தியானம் கம்பெனி வாசலில் ரஷீது வந்து நின்றான். மூச்சு வாங்குகிறது. "யக்கா, பூவம்மாக்காவும் பாப்பாவும் கல்மண்டபத்துக்கு சவாரி வந்தாங்க. எதுக்குன்னு கேட்டேன், சொல்லல. எறங்கின அப்பாலதான் எந்த சந்துன்னு புரிஞ்சிது. மன்சு கேக்கல. நீ வா."

மேஸ்திரியிடம் சொல்லக்கூட இல்லை. ஊசி குத்தியிருந்த சட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். வண்ணாரப்பேட்டைக் கூட்டத்தில் அவன் எப்படி வண்டியை ஓட்டினான் என்று அவனுக்கே தெரியாது.

சின்ன வீடு. ஊதுவத்தி வாசனை. ஷாலு அண்ணி மடியில் உட்கார்ந்து குச்சி மிட்டாய் சப்பிக்கொண்டிருக்கிறாள். குச்சி மிட்டாய்! கையை இறுக்கிப் பிடித்திருக்கிறார் அண்ணி. சுப்புராயன் மஞ்சள் கொம்பைக் கம்பியில் குத்தி விளக்கில் காட்டிக்கொண்டு, சும்மா சினிமாக் கதை பேசுவதுபோலப் பேசிக்கொண்டிருக்கிறார். நுனி கனிந்து சிவந்திருந்தது.

போனேன், விளக்கைக் காலால் தட்டிவிட்டேன், பிள்ளையைத் தூக்கினேன். "பொம்பளையா நீ! வெளக்க எட்டி ஒதைக்கிறே, வெளங்குவியா?" என்று கத்தினார் அந்த ஆள். "எம் புள்ள வெளங்குவா, அதுபோதும்" என்றேன். மிட்டாயை விட்டுவிட்டதற்காக ஷாலு அழுதாள்.

அண்ணி பின்னாலேயே வந்தார். சந்து முனையில், ஐஸ் லாரி நின்ற இடத்தில், திரும்பி நின்று கேட்டேன். இத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன். "சூடு வெச்சிருந்தா உங்க புள்ள பொழச்சிருப்பான்னு உங்களுக்கு எப்புடித் தெரியும்? சொல்லுங்க, எப்புடித் தெரியும்?"

"வெச்சேன்டி" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"வெச்சேன். ரெண்டு தபா வெச்சேன். நானேதான் காலப் புட்சிக்கினேன். அம்மா வேணாம்மான்னான். அப்பவும் வெச்சேன். மூணாம் மாசம் பூட்டான்." அழவில்லை அவர். ஐஸ் லாரியையே பார்த்துக்கொண்டு பேசினார். "லேட்டா வெச்சிட்டேன்னாங்க. ஒயுங்காப் பதியலன்னாங்க. நானும் அதத்தான் சொல்லிகினு கீறேன், காலத்துல செய்யலன்னு."

"வெச்சும் போனான் இல்ல? அப்புறம் ஏன் அண்ணி இவளுக்கு?"

"வெச்சும் பூட்டா, சாமி எத்துக்கினுச்சின்னுவாங்க. வெக்காம ஒண்ணு ஆயிடுச்சின்னு வெச்சிக்கோ, ஆத்தாக்காரி இன்னாத்தப் புடுங்கிக்கினு இருந்தான்னு கேப்பாங்க. சாவற வரைக்கும் கேப்பாங்க. உன்னயும் கேப்பாங்கடி எயிலு. உன்னால தாங்க முடியாது."

எனக்காகவா? என் பிள்ளையைச் சுட வந்தது எனக்காகவா?

"கேக்கட்டும்" என்றேன். "எவ வந்து கேக்கறான்னு நான் பாக்கறேன். நீங்க அன்னிக்கி ஒண்டியா நின்னீங்க. இப்போ நான் கீறேன், நீங்க கீறீங்க. ரெண்டு பேரும் சேர்ந்தா தண்ணி லாரிக்காரனே ஓடறான்."

ரஷீது ஆட்டோவில் மூன்று பேரும் வந்தோம். ஷாலு நடுவில் தூங்கிவிட்டாள்.

26 ஏப்ரல், சனி

காலையில் இவரிடம் அண்ணி சொன்னார்: "அந்தப் பேச்ச இத்தோட வுடு." இவர் என்னைப் பார்த்தார். நான் தோசையைப் பார்த்தேன்.

கம்பெனியில் அரை நாள் சம்பளம் வெட்டு. வெட்டிக்கோ.

14 மே, புதன்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. லாரி வரவில்லை. ஷாலுவுக்குக் காய்ச்சல் இல்லை. அதைத்தான் எழுத வந்தேன்.

3 ஜூன், செவ்வாய்

டை கட்டிய பள்ளிக்கூடம் இல்லை. பக்கத்துத் தெரு பால்வாடி. டீச்சர் சிலுவையம்மாளிடம் போனவுடன் முதல் வார்த்தையே அதைத்தான் சொன்னேன், சண்டைக்குத் தயாராகப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு. "அட, எங்கிட்ட ஏற்கெனவே ஒருத்தன் இருக்கான்மா அப்புடி. உட்டுட்டுப் போ" என்றார். செருகியதை என்ன செய்வதென்று தெரியவில்லை எனக்கு.

மத்தியானம் முட்டை போடுகிறார்களாம். ஜிங்க் இருக்கிறது அதில், சொம்பு தேவையில்லை என்றேன் இவரிடம். முறைத்துவிட்டுச் சிரித்தார்.

19 ஜூன், வியாழன்

மறுபடி வந்துவிட்டது.

நான் வேலையில், இவர் பட்டறையில். கம்பெனிக்கு போன் வந்து, நான் பஸ், ஆட்டோ என்று எதையெதையோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஷாலு தூங்குகிறாள். அண்ணி பக்கத்தில், தலைவிரிகோலமாக.

நடந்ததை ரஷீது சொன்னான். காலையில் இருந்தே உடம்பு சுட்டதாம். அண்ணி மருந்து கொடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். இழுப்பு ஆரம்பித்ததும் தெருவே ஓடிவந்திருக்கிறது. இரும்பு கொண்டா, வெங்காயத்தைக் கசக்கு, காலைப் பிடி, இன்னா பொம்பள நீ சொம்மா குந்திகினு கீறே என்று ஆளாளுக்குக் கூச்சல். அண்ணி எழுந்து எல்லாரையும் வெளியே தள்ளிக் கதவைத் தாழ் போட்டுவிட்டாராம். வெளியே கதவைத் தட்டித் தட்டிக் கத்தியிருக்கிறார்கள். தானாக நின்றபிறகுதான் கதவைத் திறந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாராம்.

என்னைப் பார்த்ததும் அண்ணி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். "நான் ஒண்ணுமே செய்யலடி எயிலு. ஒருக்களிச்சிப் போட்டேன். வாயத் தொடச்சேன். அப்பால சொம்மா பாத்துகினே இருந்தேன். ஒண்ணுமே செய்யல."

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்த உலகத்தில் அதைவிடக் கஷ்டமான வேலை எதுவும் கிடையாது. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் சும்மா இருந்திருப்பேனா? சத்தியமாகத் தெரியவில்லை.

21 ஜூன், சனி

நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்றுவிட்டார்கள். ஷாலு வார்டு முழுக்க ஓடுகிறாள்.

ஹுமாயூன் டாக்டர் வந்தார். இரண்டாவது தடவை வலிப்பு வந்த பிள்ளைகளுக்கும் ஜிங்க் பார்க்கிறார்களாம். "விருப்பம் இல்லன்னா வேணாம்மா. வைத்தியம் அதே மாதிரிதான் நடக்கும்" என்றார். உங்க ஆராய்ச்சியில என்ன தெரிஞ்சுது என்றேன். இன்னும் முடியவில்லை, முடிந்தாலும் ஒரே ஒரு ஆராய்ச்சியில் தீர்ந்துவிடாது என்றார். மாறாத மனுஷன்.

நான் பதில் சொல்வதற்குள் அண்ணி கேட்டார். "தம்பி, எம் புள்ளைக்கும் அது கொறஞ்சிதான் இருந்திருக்குமா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். "அவங்க பையன். ரொம்ப வருஷம் முன்னாடி. இதே மாதிரி காய்ச்சல், வலிப்பு" என்றேன்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தெரியலம்மா. குறைஞ்சிருக்கலாம், குறையாமலும் இருந்திருக்கலாம். அது காய்ச்சல் வலிப்புதானா, மூளைக்காய்ச்சல் மாதிரி வேற எதாவதான்னுகூட இப்போ சொல்ல முடியாது. அன்னைக்கு யாரும் பாக்கல."

"சூடு வெச்சது லேட்டுன்னாங்க."

"சீக்கிரம் வெச்சிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதும்மா. மத்தது எதுவும் எனக்கு நிச்சயமாத் தெரியாது. இது தெரியும்."

அண்ணி, ஓடிக்கொண்டிருந்த ஷாலுவைப் பிடித்து மடியில் வைத்து, அவள் கையை டாக்டர் முன்னால் நீட்டினார்.

"அன்னிக்கி யாரும் பாக்கல. இப்போ பாரு. எடு."

ஊசி ஏறியதும் ஷாலு வார்டே அதிரக் கத்தினாள். அண்ணி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். டாக்டர் பஞ்சை வைத்து ஒட்டிவிட்டு, குழாயை மூடிக்கொண்டே கேட்டார்: "உங்க பையன் பேர் என்னம்மா?"

"பீம்ராவ்" என்றார்.

இந்த வீட்டுக்கு நான் வந்து ஐந்து வருஷம் ஆகிறது. அந்தப் பேரை இன்றைக்குத்தான் கேட்கிறேன்.